அந்தப் பலகையைக் கழற்றுங்கள்: ஒரு பார்பிக்யூ உணவகத்துக்குத் திறந்த மடல்

உணவகத்தின் உரிமையாளருக்கும் மேலாளருக்கும்,

உங்கள் பார்சல் கவுண்டருக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. "பார்சலைச் சரிபார்த்து வாங்கவும். கவுண்டரை விட்டு அகன்ற பின் புகார்கள் ஏற்கப்பட மாட்டாது" என்று அதில் எழுதியிருக்கிறது. காசு முழுவதையும் முன்கூட்டியே கட்டி, சொன்ன நேரத்துக்கு வந்து, கால் கடுக்க நின்று, கடைசியில் கேட்டது ஒன்றும் கிடைத்தது ஒன்றுமாக வீட்டுக்குப் போன ஒருவர் மறுநாள் வந்து நியாயம் கேட்டார். உங்கள் மேலாளர் அவருக்கு நேரான பதில் சொல்லவில்லை. கையை உயர்த்தி அந்தப் பலகையைக் காட்டினார். அந்த ஒருவர் நான்தான். அந்தப் பலகையை நான் பதிலாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உணவகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். முதலில் தனியாகத்தான் மின்னஞ்சல் அனுப்பினேன், பில்லின் படத்தையும் இணைத்து. பதில் வரவில்லை. அன்று மாலை கவுண்டர் முன்னால் என்னோடு நின்றவர்கள் பலர். ஒவ்வொருவர் முகத்திலும் அதே எரிச்சல் தெரிந்தது. அவர்களில் யாரும் உங்களுக்கு எழுதப்போவதில்லை, அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். நான் அப்படிப் போக விரும்பவில்லை. உங்கள் அடுப்பில் வேகும் கறி எனக்கு உண்மையாகவே பிடிக்கும்.

பலகையிலிருந்தே தொடங்குகிறேன். சரிபார்த்து வாங்கச் சொல்கிறீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் பையை எப்படித் தருகிறீர்கள்? வாயை இரண்டு மடிப்பு மடித்து, பில்லையும் சேர்த்து ஸ்டேப்லர் அடித்து, அதன்மேல் "பிரிக்கப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம்" என்று ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டித் தருகிறீர்கள். டெலிவரிக்கு அது நல்ல ஏற்பாடு. எடுத்துப் போகிறவர் வழியில் பையைத் தொடவில்லை என்பதற்கு அது சாட்சி. நேரில் வந்து வாங்குகிற எனக்கும் அதே பைதான் வருகிறது. நான் சரிபார்க்க வேண்டுமென்றால் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும், ஸ்டேப்லர் பின்னைப் பிடுங்க வேண்டும், டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும், டப்பாவுக்குள் இருக்கும் ஃபாயிலையும் விரிக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய கவுண்டரில் ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. கார்டு மெஷினும் டெலிவரி ஆர்டர் வரும் மூன்று டேப்லெட்டும் சாஸ் பாக்கெட் கூடையுமாக அது நிறைந்து கிடக்கிறது. ஆனாலும் நான் கேட்டேன். "ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்களேன்" என்றேன். "பிரிச்சா சூடு போயிரும் சார், எல்லாம் கரெக்டா இருக்கும்" என்று பதில் வந்தது. சரிபார்க்க விடாமல் தடுத்ததும் நீங்கள்தான், சரிபார்க்காததற்கு என்னைப் பொறுப்பாக்கியதும் நீங்கள்தான்.

அன்று என்ன நடந்தது என்பதை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மேலாளர் அதைக் கேட்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மாவின் பிறந்தநாள். முழங்கால் வலியால் அவரால் வெளியே வந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதனால் மதியமே உங்களுக்குப் போன் செய்து ஆர்டர் கொடுத்தேன். பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), ரிப்ஸ் (விலா எலும்புக் கறி), அரைக் கோழி, பன், கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்), சாஸ் தனியாக. நீங்கள் அனுப்பிய லிங்கில் அப்போதே பணம் கட்டினேன். ஏழரைக்கு வரச் சொன்னது நீங்கள். நான் கேட்ட நேரம் அதுவல்ல, ஏழு கேட்டேன், "ஏழரைன்னா சூடா ரெடியா இருக்கும்" என்றார்கள். ஒத்துக்கொண்டேன்.

ஏழரைக்கு முன்பே வந்துவிட்டேன். பார்சல் வாங்குகிறவர்கள் நிற்க நீங்கள் ஒதுக்கியிருப்பது நுழைவாயில் கதவுக்கும் கவுண்டருக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன இடுக்கு. உள்ளே சாப்பிடப் போகிற ஒவ்வொருவரும் தோளை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், அவர் பக்கத்தில் தடி ஊன்றிய ஒரு பெரியவர். உள்ளே மேசைக்கு வருகிறவர்களை வாசலிலேயே ஒருவர் சிரித்த முகத்தோடு வரவேற்று, தண்ணீர் வைத்து, மெனுவைக் கையில் கொடுக்கிறார். அதே வாசலில் நிற்கிற எங்களை அவர் பார்க்கக்கூட இல்லை. "உங்க ஆர்டர் என்ன?" என்று கேட்கவே ஆளில்லை.

கவுண்டரில் இருந்தது ஒரே ஒரு பெண். போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஒரு புது ஆர்டரை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கையால் டெலிவரிக்காரருக்குப் பையை எடுத்துக் கொடுத்தார். டேப்லெட்டுகள் விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தன. நான் பெயரைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே "அஞ்சு நிமிஷம்" என்றார். அந்த ஐந்து நிமிடம் முடிந்து மறுபடி கேட்டேன். மறுபடியும் "அஞ்சு நிமிஷம்". அப்புறமும் அதே பதில்தான். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, இதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பெண்ணின் தலையில் கட்டியது நீங்கள். திட்டு வாங்குவதற்கென்றே ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் உள்ளே இருந்துகொள்வதை என்னால் ஏற்க முடியாது. இந்த மடலைப் படித்துவிட்டு அவர் வேலைக்கு ஏதாவது வந்தால் அது இரண்டாவது அநியாயம்.

காத்திருப்பது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. பார்பிக்யூ என்றாலே காத்திருப்புதான். டேவிட் மைஸ்டர் என்கிற மேலாண்மை அறிஞர் வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி 1985இல் எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லாத காத்திருப்பு காரணம் சொன்ன காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்பது அதன் சாரம். உங்கள் கவுண்டரில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது. "இன்னும் அரை மணி நேரம் ஆகும், கறி இறங்கலை" என்று ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் காரில் போய் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கும் போன் செய்து சொல்லியிருப்பேன். அந்தப் பெரியவருக்கும் அந்தத் தாய்க்கும் அதுவே போதுமாக இருந்திருக்கும்.

நியாயமில்லாத பகுதி எது என்று கேட்பீர்கள். எனக்குப் பிறகு வந்த டெலிவரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பையை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களும் பாவம், அவர்களுக்கு ஆப்பில் கடிகாரம் ஓடுகிறது, தாமதமானால் அடி அவர்களுக்கு விழும், உங்கள் கடையின் ரேட்டிங்கும் இறங்கும். எனக்குப் புரிகிறது. நேரில் வந்து நிற்கிறவனுக்காக எந்தக் கடிகாரமும் ஓடவில்லை, அதனால் அவனைக் கடைசியில் கவனித்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். டெலிவரி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய கமிஷனை உங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்து, சொந்தப் பெட்ரோலில் வந்து நிற்கிறவன் அவன்தான்.

இப்போது என்னை மிகவும் உலுக்கிய விஷயத்துக்கு வருகிறேன். பை என் கைக்கு வந்ததும் அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பார்சல் கட்டி முடித்த நேரம் அதில் அச்சாகியிருந்தது. நான் வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே கட்டிவிட்டிருந்தார்கள். நான் "அஞ்சு நிமிஷம்" கேட்டுக்கொண்டே நின்ற அவ்வளவு நேரமும் என் சாப்பாடு அந்தப் பெண்ணுக்குப் பின்னால், ஏசி காற்று நேராக அடிக்கும் ஸ்டீல் அலமாரியில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களையிலிருந்து எடுத்து வந்து வைத்தவரும் முன்னால் யாரிடமும் சொல்லவில்லை.

இது வெறும் சுவை பற்றிய புலம்பல் இல்லை. சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பெரிய துண்டாகக் கறி சமைக்கிற உங்களுக்குக் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் பெயர் தெரியாமல் இருக்காது. அதன் வித்துகள் சமையல் சூட்டையும் தாங்கிக்கொள்ளும், கறி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும், சாப்பிட்டவருக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கும். கடையின் அலமாரியில் கழிகிற நேரமும் வாடிக்கையாளர் வண்டியில் கழிகிற நேரமும் சேர்ந்துதான் அந்த 2 மணி நேரக் கணக்கு. அதில் பாதியை உங்கள் அலமாரியே தின்றுவிட்டால் மீதியை நான் எப்படி ஈடுகட்டுவது? எண்பதைத் தொடும் ஒருவருக்கு அந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாதுதான். அலமாரியில் இருக்கும் எந்தப் பை யார் வாய்க்குப் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாப் பைக்கும் ஒரே கவனம் வேண்டும் என்கிறேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தோம். டப்பாவின் மூடியைத் தூக்கியதும் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து நின்றது, மூடியைச் சாய்த்ததும் அது கறிமேலேயே சொட்டியது. ரிப்ஸின் மேல்தோடு, மசாலாவும் புகையும் சேர்ந்து கருத்து மொறுமொறுவென்று இருக்க வேண்டியது, ஊறி நெகிழ்ந்து விரலோடு உரிந்து வந்தது. காற்று போக வழியில்லாத டப்பாவில் ஆவி பறக்கும் கறியை அடைத்தால் அது தன் ஆவியிலேயே வெந்து நனையும். மூடியில் ரெண்டு ஓட்டை இருந்தால், அல்லது மூடுவதற்கு முன் ஒரு சில நிமிடம் ஆவி போக விட்டிருந்தால், இது நடந்திருக்காது. கோழிக்கு அடியில் இருந்த கொழுப்பு வெள்ளையாக உறைந்து டப்பாவோடு ஒட்டியிருந்தது. கோல்ஸ்லாவைக் கறி டப்பாவுக்கு மேலேயே அடுக்கியிருந்தீர்கள். ஜில்லென்று இருக்க வேண்டிய அது வெதுவெதுப்பாகவும், சூடாக இருக்க வேண்டிய கறி சில்லிட்டும் வந்தன.

கோழியின் தோலுக்கு அடியில் இருந்த இளஞ்சிவப்பைப் பார்த்துவிட்டு "இது வேகலைபோல இருக்கே" என்று என் அண்ணி பயந்தார். புகையில் உள்ள வாயுக்கள் தசைக்கு நிறம் தரும் மையோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது, வெந்த கறியிலும் இருக்கும் என்று உங்களுக்காக நானே அவருக்கு விளக்கினேன். எதைக் குறை சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிரிஸ்கெட்டைத் தேடினோம். இல்லை. அதற்குப் பதிலாக இன்னொரு அரைக் கோழி இருந்தது. பில்லில் பிரிஸ்கெட் என்று அச்சான வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் 'சிக்கன்' என்று ஒரு கிறுக்கல். யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. கவுண்டரில் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தவனிடம் வாய் திறந்தும் சொல்லவில்லை. விலையில் இருந்த வித்தியாசத்தையும் திருப்பித் தரவில்லை. மடிப்புக்குள் அந்தக் கோடு போட்ட பகுதி இருந்ததால் கடையில் எனக்கு அது கண்ணில் படவும் வழியில்லை.

பிரிஸ்கெட் தீர்ந்துபோவது குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அது எப்படிச் சமைக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். மாட்டின் நெஞ்சுப் பகுதி, நாள் முழுக்க எடையைத் தாங்கும் தசை, சாதாரணமாகச் சமைத்தால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். 110, 120 டிகிரி சூட்டில் 10, 12 மணி நேரம், பெரிய துண்டென்றால் அதற்கும் மேலே, புகையில் கிடக்க வேண்டும். உள்வெப்பம் 65, 70 டிகிரிக்கு வந்ததும் மேலே ஏறாமல் மணிக்கணக்காக அங்கேயே நிற்கும், மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி ஆவியாகிக் கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால். அதற்குப் பயந்து தீயைக் கூட்டாமல் பொறுமையாக இருக்கிறவர்தான் நல்ல பிட்மாஸ்டர் (புகை அடுப்புச் சமையல்காரர்). கறியைக் கெட்டியாக்கும் கொலாஜன் என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக மென்மையான ஜெலட்டினாக மாறி, உள்வெப்பம் 95 டிகிரியை நெருங்கும்போதுதான் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். இவ்வளவு உழைப்பில் காலையில் போட்டது மாலையில் தீர்ந்தால் இன்னொன்றை அரை மணியில் சமைத்துவிட முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் முன்பதிவு என்று ஒன்று இருக்கிறது. இன்று எத்தனை துண்டு இருக்கிறது என்பது காலையிலேயே உங்களுக்குத் தெரியும். மதியம் பணம் கட்டியவருக்குரியதை எடுத்துத் தனியாகச் சுற்றி வைப்பது அவ்வளவு கடினமா? நான் நின்ற இடத்திலிருந்து உங்கள் வெட்டுப்பலகை நன்றாகத் தெரிந்தது. கருத்த பிரிஸ்கெட்டின் ஒரு முனை அதில் இருந்தது. நீளமான கத்தி பென்சில் தடிமனுக்கு ஒவ்வொரு துண்டாக இறங்கியது, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் இளஞ்சிவப்பு வளையம், வெட்டிய பக்கத்தில் எண்ணெய் மினுங்கியது. தட்டுகளில் ஏறி ஏறி மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு பங்கு என்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பணம் வாங்கிக்கொண்ட கறியை, எனக்குப் பிறகு வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மறுநாள் பிரிஸ்கெட் பற்றி மேலாளர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் இது: "உக்காந்து சாப்பிடுறவங்க கண்ணு முன்னாடி இருக்காங்க சார், அவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது." அவர் மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார், அதற்கு நன்றி. பார்சல்காரருக்கு இல்லை என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், அவர் வீட்டில் போய்த்தானே பார்ப்பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏமாற்றத்தை அவர் வீட்டுக்கு மாற்றிவிட்டால் உங்கள் கூடத்தில் சத்தம் வராது. பார்சல் வாங்குகிறவர்கள் யார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். படுக்கையில் இருக்கும் பெற்றோருக்கு வாங்குகிறவர்கள், பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே உட்கார முடியாதவர்கள், இரவு வேலைக்குப் போகிற வழியில் நிறுத்துகிறவர்கள், கூட்டமும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாதவர்கள். உட்கார்ந்து சாப்பிட முடிந்திருந்தால் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தங்கை மகனுக்கு மீன் ஒவ்வாமை உண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே உங்கள் சாஸில் மீன் சேர்ந்த எதுவும் உண்டா என்று கேட்டேன். போனில் பேசியவர் சிரித்துவிட்டார். "பார்பிக்யூ சாஸ்ல மீன் எப்படி சார் வரும்?" என்றார். வரும். பார்பிக்யூ சாஸ் பலவற்றில் வூஸ்டர் சாஸ் சேர்க்கிறார்கள். அதன் பாரம்பரியச் செய்முறையில் நெத்திலி வகை மீனான ஆன்சோவி இருக்கிறது. கடுகும் சோயாவும் இத்தகைய சாஸ்களில் சாதாரணமாக இருக்கும், அவையும் ஒவ்வாமை தரக்கூடியவை. அமெரிக்காவில் மீனும் சோயாவும் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பட்டியலில் உள்ளன, 2023 முதல் எள்ளும் அதில் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பட்டியலில் மீன், சோயா, எள்ளோடு கடுகும் இருக்கிறது. சிரித்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் சாஸில் அது இருக்கிறதா என்று இன்றுவரை எனக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தால்தான் "சாஸ் தனியாக, கறிமேல் ஊற்ற வேண்டாம்" என்று கேட்டேன். அந்த வரி பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றின் மேலும் தாராளமாக ஊற்றிக் கொடுத்துவிட்டீர்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த மேசையில் அந்தப் பையன் வெறும் பன்னைப் பிய்த்துத் தின்றான். பில்லில் ஒரு வரியைப் படிக்காமல் விட்டதன் விலை அதைவிடப் பெரியதாகவும் ஆகியிருக்கலாம்.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடாமல் முயன்றபின் எடுத்தவர், "கவுண்டரை விட்டுப் போயிட்டீங்களே சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு மன்னிப்பு வந்திருந்தால், "நாளைக்கு வாங்க, பார்த்துச் செய்றோம்" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், இந்த மடல் இருந்திருக்காது. தவறு எல்லாக் கடையிலும் நடக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரிக் கூட்டத்தில் ஒரு பை மாறுவது எனக்குப் புரியாத விஷயமில்லை. நடந்த தவறைத் திருத்த மாட்டோம் என்பதைக் கொள்கையாக்கி, அதைப் பலகையில் எழுதி மாட்டியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கேட்பது இவை.

முதலில் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். பை கைமாறும்போது சரிபார்ப்பது உங்கள் வேலையாகவும் இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பில்லை வாசித்து, ஒவ்வொரு டப்பாவையும் வாங்குபவர் கண்ணில் காட்டிவிட்டு அப்புறம் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். ஒரு நிமிட வேலை. அதற்கென்று கவுண்டரில் ஒரு பை வைக்கும் அளவுக்காவது இடத்தைக் காலி செய்யுங்கள்.

மாலைக் கூட்ட நேரத்தில் நேரில் வாங்க வருபவர்களைக் கவனிக்க இன்னொரு ஆளைப் போடுங்கள். போனையும் டெலிவரியையும் பில்லையும் ஒரே பெண்ணின் தலையில் சுமத்தாதீர்கள். வந்தவுடன் பெயரைக் கேட்டு, ஆர்டர் தயாரா இல்லையா என்று அலமாரியைத் திரும்பிப் பார்த்து, உண்மையான நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். நிற்க முடியாதவர்களுக்கு நாலு நாற்காலி போடுங்கள்.

முன்பணம் கட்டிய ஆர்டருக்குரிய கறியைக் கட்டியவர் பெயரிலேயே எடுத்து வையுங்கள். அது முடியாத நாளில் முன்பணம் வாங்காதீர்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பதற்கு முன் போன் செய்து கேளுங்கள், வேண்டாம் என்றால் அந்தப் பணத்தை அன்றே திருப்பிக் கொடுங்கள். என்னிடம் வாங்கிய பிரிஸ்கெட் பணத்துக்கும் இது பொருந்தும்.

கட்டிய பார்சலை வைக்க ஒரு சூட்டுப் பெட்டி வாங்குங்கள், 60 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி. கட்டிய நேரம்தான் சீட்டில் ஏற்கெனவே அச்சாகிறதே, அதைப் பார்த்து நேரம் கடந்ததை மாற்றிக் கொடுங்கள். ஆவி போக வழியுள்ள டப்பாவுக்கு மாறுங்கள், குளிர்ந்ததையும் சூடானதையும் வேறு வேறு பையில் போடுங்கள்.

சாஸ்களிலும் மசாலாவிலும் என்னென்ன சேர்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கவுண்டரிலும் போன் எடுப்பவர் பக்கத்திலும் ஒட்டி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுக்களையில் கேட்டுச் சொல்லும்படி எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வாமை பற்றி வாடிக்கையாளர் சொன்னதைப் பில்லில் பெரிய எழுத்தில் அடித்து, கட்டுபவர் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே பை வெளியே வர வேண்டும்.

கடை மூடிய பிறகும் ஒரு மணி நேரத்துக்குப் புகார் போனை எடுக்க ஒருவரை வையுங்கள். கடைசி பார்சல் வாங்கிப் போனவர் வீட்டில் பையைப் பிரிக்கும் நேரம் அதுதான்.

இந்த மடலுக்கு 2 வாரத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போதிலிருந்து, எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கவுண்டரில் வேலை செய்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். என் ஆர்டர் எண்ணும் பில்லின் படமும் உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பார்சல் வாடிக்கையாளர் ஒருவர்